உறைபனி நாட்டில் ஓடும் வீடு

ஜேர்மனியின் தென்பகுதியில், அல்காய் மலைச்சாரலில், இஸ்னி என்று ஓர் ஊர் உண்டு. சாட்டைகளும் பனிச்சறுக்குக் கோல்களும் செய்து விற்ற குடும்பம் ஒன்று அவ்வூரில் இருந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த அரிஸ்ட் டெத்லெவ்ஸ் என்பார் வியாபாரத்தின் பொருட்டு நெடுநாள் ஊர் ஊராய் அலைய வேண்டியவரானார். அவருடைய துணைவியாரான பிரீடல் எடெல்மான் ஓர் ஓவியர். பிரிந்திருக்க மனமில்லாத இருவருக்குமாக, 1931ஆம் ஆண்டில் டெத்லெவ்ஸ் ஒரு சிறு வீட்டைச் செய்து, அதனைச் சக்கரங்களின்மேல் ஏற்றி, மோட்டார் வண்டியின் பின்னே பூட்டினார். ஜேர்மனியில் தோன்றிய முதல் இழுவை வீடு அதுவே என்பர்.

இழுவை வீடு பின்னர் எஞ்சினோடு ஒன்றாயிற்று. முன்னே சாரதியின் ஆசனம். பின்னே படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, குளியல் மூலை, கழிவறை. இதனையே மோட்டார் வீடு என இன்று வழங்குகின்றனர். நெடுங்காலம் இது கோடைக்கு உரிய பொருளாகவே இருந்து வந்தது. இலையுதிர்காலம் முடிந்ததும் கொட்டகையில் நிறுத்தி, வசந்தம் வரும்வரை சீலை போர்த்தி வைப்பதே வழக்கம். இப்போதோ நிலைமை மாறிவிட்டது. பனிச்சறுக்கு விளையாட்டுக்காக ஆல்ப்ஸ் மலைக்குச் செல்வோரும், துருவ ஒளியைக் காணும் ஆவலால் நோர்வேயின் வடமுனைக்குச் செல்வோரும் நடு மாரியிலேயே இவ்வண்டிகளில் புறப்படுகின்றனர்.

அவர்கள் செல்லும் நாடு எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். நோர்வேயின் வடகோடியிலுள்ள மாகாணம் பின்மார்க். அதன் உள்நாட்டிலுள்ள கராசொக் என்னும் ஊரில் 1886ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே 51.4 பாகை செல்சியசைக் காட்டியது. அந்நாட்டில் பதிவான கடுங்குளிர் அதுவே. ஆனால் அங்கிருந்து சில மணி நேரம் வண்டியோட்டிக் கடற்கரையை அடைந்தால், வெப்ப நீரோட்டத்தின் தயவால், உறைநிலையை ஒட்டிய குளிரே பெரும்பாலும் இருக்கும். ஒரே நாளில் ஒரே வண்டி இவ்விரண்டையும் காணக்கூடும். நமது நேயர்களுக்கு இம்மாகாணம் முற்றிலும் அந்நியமானதும் அன்று. 1980களில் இலங்கைத் தமிழர் பலர் பின்மார்க்கின் கரையோர ஊர்களிலிருந்த மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்து வாழ்ந்தனர். அக்குளிர் எப்படிப்பட்டது என்பதை அவர்களின் உறவினர் கடித வாயிலாக அறிந்திருப்பர்.

இத்தகைய நாட்டுக்கு மோட்டார் வீட்டை ஆயத்தம் செய்வது எவ்வாறு? தடித்த சுவரும் பெரிய அடுப்பும் இருந்தால் போதும் என்று நினைப்பது இயல்பு. ஆயினும் அனுபவமுடையோர் குளிரைக் கண்டு அவ்வளவாக அஞ்சுவதில்லை. அவர்கள் அஞ்சுவது நீருக்கு. குழாயில் நிற்கும் நீர், மூச்சில் கலந்து வரும் நீர், பற்றரிக்குள் இருக்கும் நீர், சில்லின் கீழே உருகி மீண்டும் உறையும் நீர் என அது பல வடிவில் வரும். அதற்கு அடுத்தபடியாக அவர்கள் அஞ்சுவது, குளிருக்குப் பயந்து காற்றின் வழிகளையெல்லாம் அடைத்துவிடும் மனித சுபாவத்துக்கு. முன்னது பணத்தைக் கொள்ளும். பின்னது உயிரைக் கொள்ளும்.

நீர் உறையும்போது சுருங்குவதில்லை. அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுகின்றது. குளிர்ப்பெட்டியின் உறைதட்டில் சோடாப் போத்தலை மறந்து வைத்தவர்கள் இதன் விளைவைக் கண்டிருப்பர். மோட்டார் வீட்டில் நூறு லீற்றர் கொள்ளும் பெரிய தொட்டியும் உண்டு. விரற்கடை தடிப்புள்ள மெல்லிய குழாய்களும் உண்டு. தொட்டி நீர் எளிதில் உறைவதில்லை. அதனிடத்து வெப்பம் மிகுதியாக உள்ளமையால், இரவு முழுவதும் குளிர்ந்தாலும் மேலே ஓர் ஓடு படியுமேயன்றி முழுதும் இறுகாது. மெல்லிய குழாயோ ஒரு மணி நேரத்திலேயே அடைபட்டுவிடும். குழாயின் நடுவே பனிக்கட்டி ஓர் அடைப்பானாக அமைந்ததும், அதற்கும் மூடிய குழாய்த் திருகிக்கும் இடையே அகப்பட்ட நீர் நெருக்குண்டு, வலுக் குறைந்த இடத்தைப் பிளக்கிறது. பெரும்பாலும் பிளப்பது குழாயன்று. திருகியின் உள்ளுறுப்பு, பம்பியின் தலை, கொதிகலனின் பொருத்து ஆகியனவே. இதில் கொடுமை என்னவெனின், பிளந்த செய்தி அப்போது தெரிவதில்லை. பனிக்கட்டியே பிளவை அடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு நாள் கழித்து வெப்பம் ஏறியதும், ஆசனத்தின் அடியிலிருந்து நீர் ஊறிவரும்போதே உண்மை வெளிப்படும்.

ஆகவே, மாரிப் பயணத்துக்கு வண்டி வாங்குவோர் விற்பனைத் தாளிலுள்ள புகழ்மொழிகளை நம்புவதிலும் பார்க்க, முழந்தாளிட்டு வண்டியின் அடியை ஒருமுறை பார்ப்பது மேல். கழிவுநீர்த் தொட்டி வெறுமையாய் வெளியே தொங்குகிறதா? குழாய்கள் தளத்தின் கீழே காற்றில் கிடக்கின்றனவா? அப்படியாயின் அது கோடை வண்டி. நல்ல மாரி வண்டிகளில் இரண்டு தளங்கள் உண்டு. மேல் தளத்துக்கும் கீழ்த் தளத்துக்கும் இடையிலுள்ள வெளியில் தொட்டிகளும் குழாய்களும் அமைந்திருக்கும். அடுப்பிலிருந்து வரும் சூடான காற்றின் ஒரு பகுதி அவ்வெளிக்குள் ஊதப்படும். இதனை அளப்பதற்கு ஐரோப்பியத் தர அளவை ஒன்றும் இருக்கின்றது. அவ்வளவையின் மூன்றாம் தரத்தைப் பெற வேண்டுமாயின், வண்டியை பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக் குளிரில் நன்றாக ஆறவிட்டு, பின்னர் அடுப்பை மூட்டி நான்கு மணி நேரத்துக்குள் உள்ளே 20 பாகை வெப்பம் உண்டாக வேண்டும். அப்போது நீர்க் குழாய்களும் தடையின்றி வேலை செய்தல் வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே 15 என்பதைக் கவனித்தல் தகும். கராசொக்கின் குளிர் அதைவிட எவ்வளவோ கடியது. தரச் சான்று என்பது பரீட்சையில் சித்தியடைந்த சான்று போன்றதே. பரீட்சையில் வராத கேள்வியை வாழ்க்கை கேட்கும்.

இரட்டைத் தளம் இல்லாத வண்டியுடையோர் என் செய்வர்? அவர்கள் கழிவுநீர் வாயிலைத் திறந்தே விட்டு, அதன் கீழே ஒரு வாளியை வைத்துவிடுகின்றனர். பாத்திரம் கழுவிய நீர் தொட்டியில் தங்காது வாளியில் விழும். வாளியில் உறைந்தால் கட்டியாகக் கவிழ்த்து, உரிய இடத்தில் கொட்டிவிடலாம். பார்ப்பதற்கு இழிவாகத் தோன்றும் இவ்வழி, விலையுயர்ந்த மின்வெப்பக் கம்பிகளைவிடப் பலமுறை நன்கு உதவியிருக்கின்றது. கழிவறைத் தொட்டிக்கு உறைதடுப்புத் திரவம் இடுவர். இங்கே ஓர் எச்சரிக்கை. எஞ்சினுக்கு ஊற்றும் எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. மனிதர் புழங்கும் குழாய்களிலும் தொட்டிகளிலும் புரொப்பிலீன் கிளைக்கோல் கலந்த திரவத்தையே பயன்படுத்தல் வேண்டும். பெயரில் சிறு வேறுபாடு. குணத்திலோ பெரும் வேறுபாடு.

கொதிகலன்கள் சிலவற்றில் தாமே திறக்கும் ஒரு வாயில் உண்டு. சுற்றுப்புற வெப்பம் ஏறக்குறைய 3 பாகைக்கு இறங்கியதும் அது திறந்து, உள்ளிருக்கும் பத்து லீற்றர் நீரையும் தரையில் கொட்டிவிடும். புதிதாக வண்டியெடுத்தோர் இதனைப் பழுது என்று எண்ணிச் சினங்கொள்வதுண்டு. கொதிகலன் வெடிக்காமல் காப்பதற்காகவே அது நீரைத் துறக்கின்றது. வண்டியின் உட்புறத்தை முதலில் சூடாக்கிய பின்னரே தொட்டியை நிரப்புவது என்ற ஒழுங்கைக் கைக்கொண்டால் இத்தொல்லை நேராது.

இனி அடுப்பின் கதை. மோட்டார் வீடுகளை வெப்பமாக்குவதற்குப் பெரும்பாலும் சிலிண்டரில் அடைத்த வாயுவையே பயன்படுத்துகின்றனர். இவ்வாயுவில் இரண்டு வகை உண்டு: பியூற்றேன், புரொப்பேன். சிலிண்டருக்குள் இவை திரவமாக இருக்கின்றன. கொதித்து ஆவியானால் மாத்திரமே அடுப்புக்கு வரும். புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிலும் கொதிக்கும். பியூற்றேனோ பூச்சியத்துக்குக் கீழே அரைப் பாகையிலேயே கொதிப்பதை நிறுத்திக்கொள்கின்றது. தென் ஐரோப்பாவில் இரண்டையும் கலந்து விற்பதுண்டு. அத்தகைய சிலிண்டரோடு வடக்கே செல்பவருக்கு நேர்வது விசித்திரமானது. முதலிரண்டு இரவும் அடுப்பு நன்றாக எரியும். ஏனெனில் புரொப்பேன் முதலில் வெளியேறுகின்றது. மூன்றாம் இரவு அடுப்பு அணைந்துவிடும். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் பாரமாகத்தான் இருக்கும். அசைத்தால் உள்ளே திரவம் தளும்பும். பாதிச் சிலிண்டர் எரிபொருளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் குளிரில் நடுங்க வேண்டியதுதான். ஆகவே மாரிப் பயணத்துக்குப் புரொப்பேன் மட்டுமே உரியது. கடும்பனியில் 11 கிலோகிராம் சிலிண்டர் ஒன்று இரண்டு மூன்று நாளே தாங்கும் என்பதையும், ஜேர்மன் சிலிண்டரை நோர்வேக் கடைக்காரர் மாற்றிக் கொடுக்கமாட்டார் என்பதையும் புறப்படுமுன்னரே சிந்தித்தல் வேண்டும். வாயுவிலுள்ள சிறிதளவு ஈரம் அமுக்கச் சீராக்கியில் உறைந்து வழியை அடைப்பதும் உண்டு. ஆங்கும் பகைவன் நீரே.

இக்காரணங்களால் பலர் இப்போது எஞ்சினுக்குரிய டீசலிலேயே எரியும் அடுப்பைப் பொருத்துகின்றனர். எரிபொருள் எங்கும் கிடைக்கும். சிலிண்டர் மாற்றும் வேலையில்லை. ஆயினும் டீசலுக்கும் தனக்குரிய நோய் உண்டு. அதில் கரைந்துள்ள மெழுகு, குளிரில் வெண்மேகம்போற் பிரிந்து, எரிபொருள் வடியை அடைத்துவிடுகின்றது. ஐரோப்பாவில் மாரிக்கெனத் தனி டீசலும், வடதுருவப் பிரதேசத்துக்கென அதனிலும் தெளிந்த டீசலும் விற்கப்படுகின்றன. இத்தாலியில் தொட்டி நிரம்ப அடைத்துக்கொண்டு வடக்கே வருபவர் சூழ்நிலைக்கு ஒவ்வாத எரிபொருளோடு வருகிறார். தொட்டியை வேண்டுமென்றே வற்றவிட்டு, குளிர் நாட்டின் எல்லையைக் கடந்ததும் அந்நாட்டு டீசலை நிரப்பிக்கொள்வதே விவேகம். முற்காலத்தில் சாரதிகள் டீசலில் சிறிது பெற்றோலைக் கலந்து மெழுகைக் கரைத்தனர். இன்றைய உயரமுக்கப் பம்பிகளுக்கு அம்முறை கேடு விளைக்கும். புகையைச் சுத்தம் செய்வதற்கென இன்றைய டீசல் வண்டிகளில் ஊற்றும் அட்புளூ என்னும் யூரியாக் கரைசலும் பூச்சியத்துக்குக் கீழே 11 பாகையில் உறைகின்றது. அதன் தொட்டிக்கு உற்பத்தியாளரே வெப்பமூட்டி வைத்திருப்பதால் சாரதி அதைப்பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

அடுப்பு எதில் எரிந்தாலும் சூடான காற்றை வீட்டுக்குள் பரப்புவது மின்விசிறி. விசிறியை ஓட்டுவது பற்றரி. இங்கேதான் ஒரு சங்கிலித் தொடர் அமைந்திருப்பதைப் பலர் காண்பதில்லை. ஒரு குடும்பம் மலைச்சாரலில் வண்டியை நிறுத்தி உறங்குவதாக வைத்துக்கொள்வோம். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை. ஈய-அமிலப் பற்றரி அக்குளிரில் தன் கொள்ளளவில் ஏறக்குறைய பாதியையே தரவல்லது. நள்ளிரவு தாண்டியதும் அது தளர்கிறது, விசிறி நிற்கிறது, விசிறி நின்றதும் பாதுகாப்பின் பொருட்டு அடுப்பும் தானே அணைகிறது. விடியுமுன் குழாய்கள் உறைந்துவிடும். வெறுமையான பற்றரியும் அவ்வாறே; மின்னேற்றம் நிறைந்த பற்றரியின் அமிலம் கடுங்குளிரிலும் திரவமாக நிற்கும். மின்னேற்றம் இழந்ததன் அமிலமோ ஏறக்குறைய நீராகிவிடுவதால் எளிதில் உறைந்து பெட்டியை வெடிக்கச் செய்யும். வாயுவும் இருந்தது, அடுப்பும் நல்லது, குழாயும் புதியது. ஆயினும் எல்லாம் கெட்டது ஒரு பற்றரியால்.

இலிதியம் பற்றரி வாங்கினால் இத்துன்பம் தீருமென்று விற்பனையாளர் கூறுவர். அது மின்னை நன்றாகத் தரும் என்பது மெய். ஆனால் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழ் இறங்கிய நிலையில் அதற்கு மின்னேற்றக் கூடாது. ஏற்றினால் உள்ளே இலிதிய உலோகம் படிந்து பற்றரி நிரந்தரமாய்க் கெடும். ஆகவே அதனை வீட்டின் வெப்பமான பகுதியில் வைத்தல் வேண்டும். கூரைமேலுள்ள சூரியத் தகடுகளையும் மாரியில் நம்ப இயலாது. துரொம்சோ நகரில் நவம்பர் மாத இறுதியிலிருந்து சனவரி நடுப்பகுதிவரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. சூரியன் இல்லாத இடத்தில் சூரியத் தகடு பனியைத் தாங்கும் பலகை மட்டுமே. அத்தேசத்தார் வண்டி நிறுத்துமிடங்களில் மின்செருகிகளை நாட்டி வைத்திருக்கின்றனர். இரவில் எஞ்சினைச் சிறிது சூடாக வைத்திருக்கவும், பற்றரிக்கு மின்னேற்றவும் அவை பயன்படுகின்றன. மாரிப் பயணி ஒருவர் இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறையேனும் இத்தகைய இடத்தில் தங்குவாராயின் மேற்சொன்ன சங்கிலி அறாது.

அடுத்தது மூச்சின் நீர். உறங்கும் ஒருவர் ஓர் இரவில் கால் லீற்றர் முதல் அரை லீற்றர் வரையிலான நீரை மூச்சாலும் வியர்வையாலும் வெளிவிடுகின்றார். நால்வர் உறங்கினால் அது ஒரு சிறு குடம். அதனோடு சமையலும் சேர்கிறது. ஒரு கிலோகிராம் புரொப்பேன் எரியும்போது ஒன்றரைக் கிலோகிராமுக்கு மேற்பட்ட நீராவி பிறக்கின்றது என்றால் நம்புவது கடினம். ஆயினும் இரசாயனக் கணக்கு அதுவே; வாயுவிலுள்ள ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி நீராகின்றது. புகைபோக்கியுள்ள மூடிய அடுப்பில் இந்நீராவி வெளியே போய்விடும். சமையல் அடுப்பின் திறந்த சுவாலையிலோ அது முழுதும் வீட்டுக்குள் இறங்கும். சூடான காற்றில் மறைந்திருக்கும் இந்நீர், குளிர்ந்த எதனைத் தொட்டாலும் துளியாகப் படியும். முன்கண்ணாடி, உலோகத் திருகாணியின் தலை, படுக்கையின் அடிப்புறம், அலுமாரியின் பின்மூலை ஆகியன அதற்கு விருப்பமான இடங்கள். முதல்நாள் ஈரம், மூன்றாம் நாள் பனிக்கட்டி, ஊர் திரும்பிய பின்னர்ப் பூஞ்சணம்.

இதற்கு மருந்து இரண்டு. முன்கண்ணாடியை வெளிப்புறமாகத் தடித்த போர்வையால் மூடுதல் ஒன்று. உட்புறத் திரை அழகானதுதான். ஆனால் திரைக்கும் கண்ணாடிக்கும் இடையில் கண்ணாடி குளிர்ந்தே கிடப்பதால் நீர் அங்கே படிந்துகொண்டே இருக்கும். வெளியே போர்த்தினால் கண்ணாடியே வெப்பமாக இருக்கும். மற்றொன்று, காலையிலும் மாலையிலும் கதவையும் கூரைச் சாளரத்தையும் ஐந்து நிமிடம் அகலத் திறத்தல். குளிர்ந்த நாட்டில் சாளரத்தைத் திற என்றால் கேட்போர் நகைப்பர். எனினும் உறைபனிக் காற்று மிகவும் உலர்ந்தது. அது உள்ளே வந்து வெப்பமடைந்ததும் ஈரத்தைக் குடித்துக்கொள்கிறது. ஐந்து நிமிடத்தில் சுவர்களும் தளபாடங்களும் ஆறிவிடுவதில்லை. கதவை மூடியதும் வீடு மீண்டும் விரைவில் சூடாகும்.

காற்றின் வழியைப் பற்றிய மற்றைய செய்தி இதனிலும் கடுமையானது. மோட்டார் வீட்டின் தளத்திலும் கூரையிலும், மூட முடியாதபடி, சிறு துவாரங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. நள்ளிரவில் அத்துவாரத்தின் வழியே ஊசிபோற் குளிர்காற்று காலில் படும்போது, பழைய துணியொன்றை எடுத்து அதை அடைத்துவிட்டால் என்ன என்று எவருக்கும் தோன்றும். பலர் அடைத்தும் விடுகின்றனர். தளத்துத் துவாரம் எதற்காக? புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது. குழாயில் கசிவு ஏற்பட்டால் அது புகைபோல் மேலெழாது. நீர்போல் தரையில் பரந்து தேங்கும். அது வழிந்து வெளியேறும் வழி அத்துவாரம் ஒன்றே. அதனைத் துணிதான் அடைக்க வேண்டுமென்பதில்லை. சில்லுகள் வாரியடித்த பனிச்சேறு அடியில் உறைந்து, வண்டிக்காரர் அறியாமலே அதனை அடைத்துவிடும்.

கூரைத் துவாரத்துக்கும் புகைபோக்கிக்கும் உரிய காரணம் வேறு. எரிபொருள் போதிய காற்றின்றி எரியுமிடத்துக் காபனோரொட்சைட்டு உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிப்பதுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதிலும் இருநூறு மடங்குக்கு மேலான வலிமையோடு இந்நச்சுவாயுவைப் பற்றிக்கொள்கிறது. பற்றியபின் எளிதில் விடுவதில்லை. முதலில் தலைவலி, பின்னர் மயக்கம், சோர்வு. நெடுவழி வண்டியோட்டிக் களைத்தவர் இவற்றைக் களைப்பென்றே எண்ணி உறங்கச் செல்வர். உறங்கியவர் எழுவதில்லை. இரவில் பெய்த பனி கூரைப் புகைபோக்கியை மூடும். காற்று வாரிக் குவித்த பனி பக்கச் சுவரிலுள்ள புகைவாயை மூடும். வண்டியோடு சேர்த்துக் கட்டிய கூடாரத்துக்குள் புகை தங்கும். அருகில் நிற்கும் வண்டியின் எஞ்சின் புகையும் உள்ளே வரும். எனவே இரவிலும் ஒருமுறை எழுந்து சென்று பனியை விலக்குதல், புகைவாயைச் சுற்றிக் கையால் துழாவிப் பார்த்தல், படுக்கையருகே காபனோரொட்சைட்டு எச்சரிக்கை மணி பொருத்துதல் என்னும் மூன்றையும் விடலாகாது. சமையல் அடுப்பைக் கணப்பாகப் பயன்படுத்துவதும், கரி நெருப்பை உள்ளே கொண்டுவருவதும் எக்காரணத்தாலும் கூடா. நுவரெலியாவில் மார்கழி, தை மாத இரவுகளில் கதவு சாளரங்களை இறுக மூடிவிட்டு அறைக்குள் கரிச்சட்டி வைப்போருக்கும் இச்செய்தி உரியது. ஆறு மீற்றர் வண்டியாயினும் கல்வீட்டு அறையாயினும் அவ்வாயு வேறுபாடு பார்ப்பதில்லை.

வீட்டைப் பற்றிச் சொன்னது போதும். வண்டியைப் பற்றியும் சிறிது. நோர்வேச் சட்டப்படி, மூன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட மொத்த நிறையுள்ள வண்டிகள் நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை எல்லாச் சில்லுகளிலும் மாரி ரயர் பூட்டியிருத்தல் வேண்டும். அதற்குக் குறைந்த வண்டிகளின் ரயர்ப் பள்ளம் மாரியில் 3 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. ஜேர்மனியில் 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல், மூன்று சிகரமும் ஒரு பனிப்பூவும் பொறித்த ரயர்களையே மாரி ரயர் என ஏற்கின்றனர். மோட்டார் வீடுகளில் பெரும்பாலானவை முன்சில்லால் இழுபடுவன. பாரமோ பின்புறம் நீண்டு கிடக்கும். ஏற்றத்தில் முன்பக்கம் இலேசாகி, இழுக்கும் சில்லுகள் வீணே சுழலும். ஆகவே பனிச்சங்கிலிகளை முன்சில்லுக்கே பூட்டல் வேண்டும். அதனைப் பூட்டும் பயிற்சியை வீட்டு முற்றத்தில், பகல் வெளிச்சத்தில், காய்ந்த கையோடு இருமுறை செய்து பார்த்தவரே மலைப்பாதையில் இருளில் அதைச் செய்ய வல்லவர்.

நிறுத்தும்போதும் முறையுண்டு. கைத் தடுப்பை இழுத்துவிட்டால், ஈரமான தடுப்புக் கட்டைகள் இரவில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் சில்லு அசையாது. பல்லிணையில் விட்டுச் சில்லின்கீழ் ஆப்பு வைப்பதே நன்று. சேற்றுப் பனியில் நிற்க நேர்ந்தால் சில்லின்கீழ்ப் பலகை இட வேண்டும். இல்லையேல் சில்லே தரையோடு உறைந்துவிடும். புறப்படுமுன் கூரையைச் சுத்தம் செய்தல் மரியாதைக்காக மட்டுமன்று. ஒரு கன மீற்றர் புதுப்பனி நூறு கிலோகிராம் அளவில் இருக்கும். நனைந்த பனி அதனிலும் பன்மடங்கு பாரமானது. தடுப்பை அழுத்தும்போது அது முன்கண்ணாடியின்மேல் சரியும். அல்லது பின்வரும் வண்டியின்மேல் விழும். ஏணியும் நீண்ட கைப்பிடியுள்ள துடைப்பமும் இவ்வீட்டில் கரண்டி அகப்பைபோல் இன்றியமையாதவை.

வடமுனை நோக்கிச் செல்லும் ஈ69 வழி, கடலுக்கடியில் 212 மீற்றர் ஆழம்வரை இறங்கும் சுரங்கமொன்றின் ஊடாக மாகெரோயா தீவை அடைகின்றது. 1999ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அச்சுரங்கத்தின் வாயிலில் கதவுகள் உண்டு. கடுங்குளிரில் அவை மூடியிருக்கும். வண்டி அருகில் வந்ததும் திறக்கும். உள்ளே கசியும் நீர் உறைந்துவிடாதிருக்கவே அவ்வேற்பாடு. மோட்டார் வீட்டுக்காரர் தம் குழாய்களுக்குச் செய்வதனையே அங்கே பொறியியலாளர் ஒரு மலைக்குச் செய்திருக்கின்றனர். சுரங்கத்தைக் கடந்து, ஸ்கார்ஸ்வொக் சந்தியை அடைந்தபின், மாரியில் எவரும் தாமே முன்செல்ல முடியாது. குறித்த நேரத்தில் பனியகற்றும் பெரிய வண்டி வரும். அதன் பின்னே வரிசையாய்ச் செல்ல வேண்டும். எஞ்சியுள்ள 13 கிலோமீற்றரையும் அவ்வாறே கடப்பர். புயல் மிகுந்தால் அன்றைக்குப் பயணம் இல்லை; சந்தியில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான், வீடு ஆயத்தமாய் இருந்ததா இல்லையா என்பது விளங்கும். நிறைந்த தொட்டியும், வலுவுள்ள பற்றரியும், திறந்த புகைவாயும் உடையோர் தேநீர் அருந்திக்கொண்டிருப்பர்.

பயணம் முடிந்து ஊர் திரும்பிய அன்றே மீதி வேலையையும் செய்துவிட வேண்டும். நாளைக்கென்று விட்டால் அவ்விரவே உறைபனி வந்துவிடும். தொட்டிகளின் வடிவாயில்களைத் திறந்து நீர் முழுவதையும் வெளியேற்றி, பம்பியைச் சிறிது ஓட்டிக் குழாயில் தங்கியதையும் நீக்குவர். குளியற் குழாயின் தலையைக் கீழே தொங்கவிடுவர். வெந்நீரும் தண்ணீரும் ஒருங்கே வரும் திருகிகளை நடுவில் நிறுத்துவர். ஒரு பக்கமாக விட்டால் மற்றப் பக்கத்து நீர் உள்ளேயே தங்கிவிடும். மெத்தைகளைச் சுவரிலிருந்து விலக்கி நிமிர்த்தி, அலுமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து, பற்றரிக்கு மின்னேற்றியைப் பூட்டிவிட்டு, திருகிகளைத் திறந்தபடியே விட்டுக் கதவைச் சாத்துவர்.